எஃப்-150 ட்ரக்கில் 28 அடி ட்ராவல் ட்ரெய்லர் இழுக்கலாமா?

பிளேனோவாசி

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். நானும் மனைவியும், 14 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகளும். மழையில் நனைந்த கூடாரத்தை மடிக்கிற வேலை இனி வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆகவே ட்ராவல் ட்ரெய்லர், அதாவது ட்ரக் இழுத்துப் போகிற சக்கர வீடு.

என்னிடம் இருப்பது 2021 எஃப்-150 லாரியட், சூப்பர்க்ரூ, ஃபோர்-வீல் டிரைவ், 3.5 ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின். பார்த்து வைத்திருப்பது பங்க் (அடுக்கு) படுக்கை உள்ள 28 அடி ட்ரெய்லர். காலி எடை 6,200 பவுண்டு, ஜிவிடபிள்யூஆர் (எல்லாம் ஏற்றியபின் தாண்டக் கூடாத மொத்த எடை) 7,600. விற்பவர், "உங்கள் ட்ரக் 11,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும், இதெல்லாம் ஒரு எடையா" என்கிறார். ட்ரெய்லரின் பக்கத்திலேயே ஹாஃப்-டன் ட்ரக்குக்கு, அதாவது எஃப்-150 வகை ட்ரக்குக்கு, ஏற்றது என்று பெரிதாக ஒட்டியும் இருக்கிறது. 11,000-இல் 7,600 போனால் இன்னும் 3,400 மிச்சம் இருக்கிறதே!

ஜூனில் டெக்சஸிலேயே பாலோ டூரோ பள்ளத்தாக்கு, அங்கிருந்து கொலராடோவில் கிரேட் சாண்ட் டியூன்ஸ் மணல்மேடுகள் போவதாக எண்ணம். சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மைல்கல்

சனிக்கிழமை அவசரம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. கட்டாதீர்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு டயர் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை கிலோ, இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை இங்கே போடுங்கள். விளம்பரப் புத்தகத்தில் இருப்பது வேண்டாம், உங்கள் வண்டியின் கதவில் இருப்பது. ஒரே மாடல், ஒரே வருடம், ஆனாலும் வண்டிக்கு வண்டி மாறும்.

பிளேனோவாசி

பார்த்தேன். 1,447 பவுண்டு. ஆனால் இது ட்ரக்கின் பின்னால் ஏற்றுகிற சாமானுக்கு உள்ள கணக்கு அல்லவா? ட்ரெய்லருக்குத்தான் தனியாகச் சக்கரம் இருக்கிறதே.

மைல்கல்

சக்கரம் இருக்கிறது. ஆனால் அதன் மூக்கு உங்கள் ட்ரக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டங் வெயிட் என்பது அதுதான். ட்ராவல் ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். 13 என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

காலி எடை 6,200 என்பதை மறந்துவிடுங்கள், அந்த எடையில் யாரும் முகாமுக்குப் போவதில்லை. பாத்திரம், படுக்கை, நாற்காலி, கொஞ்சம் தண்ணீர், துணிமணி, சாப்பாடு எல்லாம் ஏறினால் 7,200 சர்வசாதாரணம். அதில் 13 சதவீதம் ஏறக்குறைய 940. எடையை மற்ற சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிற இணைப்பான வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டியாக வேண்டும், அந்த இரும்பே 90 பவுண்டு. நீங்கள் நால்வரும் சேர்ந்து எவ்வளவு? 560 என்று வைக்கிறேன், உண்மையைச் சொல்லத் தேவையில்லை :) மொத்தம் 1,590. ஸ்டிக்கரில் 1,447. ஐஸ் பெட்டி, சைக்கிள், கருவிப் பெட்டி எதையும் இன்னும் ட்ரக்கில் வைக்கவே இல்லை.

11,000 பவுண்டு இழுக்கும் திறன் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணைத் தொடுவதற்கு வெகு முன்பே பேலோட், அதாவது ஸ்டிக்கரில் உள்ள சுமை வரம்பு, தீர்ந்துவிடும். ஹாஃப்-டன் ட்ரக்குகளில் எல்லாருக்கும் இடிக்கிற இடம் இதுதான்.

இன்னொன்று. ட்ரெய்லர் விளம்பரத்தில் 'ஹிட்ச் வெயிட்' என்று 640, 650 மாதிரி ஒரு எண் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பேட்டரியும் கேஸ் சிலிண்டரும் இல்லாமல் எடுத்த எண் அது. சிலிண்டர் இரண்டும் பேட்டரியும் மூக்கின் மேலேயே உட்காருகின்றன. நிரம்பிய சிலிண்டர் ஒன்று 37 பவுண்டு வரும், பேட்டரி 50-க்கு மேல்.

சும்மாஇழு

இப்படியே பயமுறுத்திக்கொண்டிருந்தால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். நான் ரேம் 1500, 5.7 ஹெமி, 3.92 ஆக்சில் வைத்து 30 அடி ட்ரெய்லரைப் பல வருடமாக இழுக்கிறேன். ஹூஸ்டனில் இருந்து கால்வெஸ்டன், ராக்போர்ட், ஒரு முறை நியூ ஆர்லியன்ஸ். ஒரு பிரச்சினையும் இல்லை. எஞ்சினுக்கு வலு இருக்கிறது, பிரேக் இருக்கிறது. ஸ்டிக்கர் எல்லாம் கம்பெனி வக்கீல்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒட்டுவது. பிளேனோ சார், உங்கள் ஈகோபூஸ்ட் என் ஹெமியை விட நன்றாகவே இழுக்கும். தைரியமாக வாங்குங்கள்.

பனிமலை

கால்வெஸ்டனும் ராக்போர்ட்டும் கடல் மட்டம், அண்ணா. வழியில் இருக்கிற பெரிய ஏற்றம் மேம்பாலம்தான். இவர் போகப்போவது ராட்டன் பாஸ், லா வீட்டா பாஸ் என்கிற மலைக் கணவாய்கள். நான் கொலராடோ ஸ்ப்ரிங்ஸில் இருக்கிறேன், அந்தப் பாதையில் அடிக்கடி ட்ரெய்லரோடு போய்வருபவள்.

எஞ்சின் வலுவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. இழுக்கும் திறனை அளக்க எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு விதி இருக்கிறது. டொயோட்டா 2011 மாடலில் இருந்தே அதைப் பின்பற்றியது, மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். அரிசோனாவில் புல்ஹெட் சிட்டி பக்கம் டேவிஸ் டாம் ஏற்றம், 11.4 மைல். நல்ல வெயிலில் ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும், வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதில் தேறிய எண்தான் உங்கள் 11,000. கடினமான சோதனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ட்ரக்குக்குள் இருப்பது தலா 150 பவுண்டில் இரண்டே பேர். டங் வெயிட் 10 சதவீதம். பின் இருக்கையில் பிள்ளைகள் கிடையாது, பின்னால் சைக்கிள் கிடையாது, லாரியட்டின் கண்ணாடிக் கூரைக்கும் அதில் இடம் கிடையாது. எஞ்சின், கூலிங், கியர்பாக்ஸ் மூன்றும் தாங்கும் என்பதற்குச் சான்று அது. உங்கள் குடும்பத்தோடு பின் ஆக்சிலும் டயரும் தாங்குமா என்பது வேறு கேள்வி.

சும்மாஇழு

சரி, எஞ்சினை விடுங்கள். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் எதற்கு இருக்கிறது? அது எடையை ட்ரக்கில் இருந்து எடுத்து ட்ரெய்லர் சக்கரத்துக்குத் தள்ளிவிடுகிறது. 940 பவுண்டு முழுவதையும் ட்ரக் மேல் ஏற்றிக் கணக்குப் போடுவது நியாயமா?

பனிமலை

கேட்க வேண்டிய கேள்விதான். வாயால் பேசினால் தீராது, எடைச் சீட்டைப் போடுகிறேன்.

என் தம்பியின் ட்ரக்கும் இதே தலைமுறை எஃப்-150, பேலோட் ஸ்டிக்கர் 1,450 பக்கம், ஜிவிடபிள்யூஆர் 7,050, பின் ஆக்சில் வரம்பு 4,050. ட்ரெய்லர் 28 அடி. அவன் ஹிட்சைச் சரிசெய்யும்போது கூடவே இருந்து லாரிகளை எடை போடுகிற கேட் ஸ்கேலில் ஏற்றி இறக்கி எடுத்த எண்கள் இவை. குடும்பம் உள்ளே, டேங்க் நிறைய, ட்ரக்கின் பின்னால் 200 பவுண்டு சாமான்.

ட்ரக் மட்டும்: முன் ஆக்சில் 3,420, பின் ஆக்சில் 2,940. மொத்தம் 6,360.

ட்ரெய்லரை மாட்டி, எடையைப் பகிர்கிற ஹிட்சின் ஸ்பிரிங் பார் போடாமல்: முன் 2,960, பின் 4,440, ட்ரெய்லர் ஆக்சில்கள் 6,260. ட்ரக்கின் மேல் 7,400.

ஸ்பிரிங் பார் போட்டு இறுக்கியபின்: முன் 3,180, பின் 4,110, ட்ரெய்லர் ஆக்சில்கள் 6,370. ட்ரக்கின் மேல் 7,290.

இரண்டாவது வரியை நன்றாகப் பாருங்கள். பின்னால் எடை உட்கார்ந்ததும் சீசா பலகை மாதிரி முன்பக்கம் 460 பவுண்டு தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங் திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரம் பார்க்கிற வேலை. அது லேசாகிவிட்டால் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. பார் போட்டதும் இழந்ததில் ஏறத்தாழ பாதி திரும்பி வந்துவிட்டது. எஃப்-150-க்கு ஃபோர்டு கேட்பதும் அந்தப் பாதிதான். அதற்கு மேல் இறுக்கக் கூடாது.

இப்போது உங்கள் கேள்வி. ட்ரெய்லர் சக்கரத்துக்குப் போனது எவ்வளவு? 6,260 என்பது 6,370 ஆனது. 110 பவுண்டு, அவ்வளவுதான். ட்ரக் 350 பவுண்டு அதிகச் சுமையில் இருந்தது, இப்போது 240 பவுண்டு அதிகம். பின் ஆக்சில் 4,050-க்கு 4,110. ஹிட்ச் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 940-ஐ 500 ஆக்கிவிடும் என்று நம்பி வாங்கக் கூடாது.

பிளேனோவாசி

இந்தச் சீட்டைப் பார்த்தபின் என் கணக்கு எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஒரு சந்தேகம். பின்பக்கம் தொங்காமல் இருக்க ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கிற காற்றுப் பை) போடலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். போட்டால் பேலோட் கூடுமா?

மைல்கல்

கூடாது. ஏர் பேக் பின்பக்கத்தை உயர்த்திக் காட்டும், பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும். ஆக்சில், சக்கரம், டயர், பிரேக் எதுவும் மாறவில்லை. முன் சக்கரம் இழந்த எடையும் திரும்ப வராது. தொங்குவதை வைத்துத்தான் எடை அதிகம் என்று கண்ணுக்குத் தெரிகிறது, அதையும் மறைத்துவிடும்.

ஸ்காபரோ

வணக்கம் எல்லோருக்கும், ரொறன்ரோவில் இருந்து. நான் டண்ட்ராவில் 21 அடி ரெயிலர் இழுக்கிறேன், கோடையில் கில்பேர், அல்கோன்குயின் பக்கம். இங்கேயும் இதே சண்டைதான், கிலோவில் நடக்கும் என்பது மட்டுமே வித்தியாசம். ஒன்ராறியோவில் சாதாரண ஜி லைசென்ஸில் இழுபடும் ரெயிலர் 4,600 கிலோவைத் தாண்டக் கூடாது. ட்ராவல் ரெயிலர் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும்.

ரயரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ட்ரக்கில் கம்பெனி போட்டுத் தரும் ரயர் பெரும்பாலும் பயணிகள் வண்டி வகை, சுவர் மெல்லியது. எடை ஏறியதும் வண்டி இலேசாக ஆடுகிற மாதிரி இருக்கும். எல்டி வகை (லைட் ட்ரக்) ரயர் மாற்றினால் ஆட்டம் நன்றாகக் குறையும். ஆனால் அதுவும் பேலோட்டைக் கூட்டாது, எல்டி ரயர் கொஞ்சம் பாரமும் கூட. ரெயிலரில் இருப்பது ரெயிலருக்கென்றே செய்த எஸ்டி ரயர். சுவரில் வேறு வேகம் போடாவிட்டால் 65 மைல்தான் அதன் எல்லை. டெக்சஸில் 75 போகலாம் என்று பலகை இருக்கிறதென்று கேள்விப்பட்டேன். பலகை உங்களுக்கு, ரெயிலருக்கு இல்லை.

ஏழுபின்

ஏன் இவ்வளவு கஷ்டம்? ட்ரக்கை விற்றுவிட்டு அடுத்த பெரிய வகையான முக்கால் டன் டீசல் ட்ரக் வாங்குங்கள். கதை முடிந்தது.

மைல்கல்

முடியாது. முக்கால் டன் டீசலின் கதவையும் திறந்து பாருங்கள். பதிவு வகைக்காகப் பல வண்டிகளை ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டில் நிறுத்திவிடுகிறார்கள். டீசல் எஞ்சின் கனம், வசதிகள் கூடிய மேல் ட்ரிம் கனம். எல்லாம் கழித்தால் சில வண்டிகளில் 2,000 பக்கம்தான் நிற்கிறது. அதே முக்கால் டன் பெட்ரோல் எஞ்சினோடு, சாதாரண ட்ரிம்மில் வாங்கினால் 3,000-ஐத் தாண்டும். ஆகவே 'டீசல் வாங்கு' என்பது பதில் இல்லை, 'ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கு' என்பதே பதில்.

ஹாஃப்-டன்னிலும் அதே கதை. எஃப்-150-லேயே எக்ஸ்எல், எக்ஸ்எல்டி ட்ரிம்மில் 1,900-க்கு மேல் ஸ்டிக்கர் உள்ள வண்டிகள் உண்டு. ஹெவி டியூட்டி பேலோட் பேக்கேஜ் போட்டது என்றால் இன்னும் அதிகம். தோல் இருக்கை, திறக்கிற கூரை, மின்சாரத்தில் இறங்கும் படிக்கட்டு எல்லாம் உங்கள் பேலோட்டில் இருந்துதான் கழிகின்றன. பழைய ட்ரக் வாங்குபவர்கள் விளம்பரத்தில் கதவு ஸ்டிக்கரின் படம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை அனுப்பத் தயங்குகிற ஆளிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

பிளேனோவாசி

ட்ரக்கை மாற்றுகிற எண்ணம் இல்லை, கடன் இன்னும் ஓடுகிறது. ட்ரெய்லரைத்தான் சிறிதாக்க வேண்டும் போல.

காற்றைப் பற்றிச் சொல்லுங்கள். டெக்சஸின் வடக்கு மூலையான பன்ஹேண்டில் பக்கம் காற்று பலமாக அடிக்கும் என்கிறார்கள். 28 அடியை விடப் 23 அடி எவ்வளவு தேவலாம்?

பனிமலை

நிறையத் தேவலாம். ட்ரக்கின் வீல்பேஸுக்கு, அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு, ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: 110 அங்குலத்துக்கு 20 அடி ட்ரெய்லர், அதற்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் 4 அங்குலம் கூட வேண்டும். உங்கள் வீல்பேஸ் 145 அங்குலம். 28 அடிக்கு 142 வேண்டும், அதாவது எல்லையில் நிற்கிறீர்கள். 23 அடிக்கு 122 போதும். இது விதி இல்லை, சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காற்றில் ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் இதைத் தூக்கி எறிந்து நான் பார்க்கவில்லை.

விசிட்டா ஃபால்ஸில் இருந்து அமரில்லோ வரை 287-ஆம் நெடுஞ்சாலையில் மரம் கிடையாது, மேடு கிடையாது. தென்மேற்கில் இருந்து வருகிற காற்று வண்டியின் இடது விலாவில் அடித்துக்கொண்டே இருக்கும். ட்ரெய்லரின் பக்கச் சுவர் பெரிய பாய் மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். எதிரே வருகிற பதினெட்டுச் சக்கர லாரி கடக்கும்போது முதலில் உங்களை வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் ஸ்டியரிங்கைச் சட்டென்று எதிர்ப்பக்கம் வெட்டினால் அங்கேயே ஆட்டம் தொடங்கும்.

ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் ட்ரக் பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகத்தையும் கூட்டாதீர்கள், 'முடுக்கினால் நேராகும்' என்று சொல்கிறவர்கள் உண்டு, கேட்க வேண்டாம். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ட்ரெய்லர் பிரேக்கை ட்ரக்கில் இருந்து இயக்குகிற பிரேக் கன்ட்ரோலரில் கையால் அழுத்துகிற நெம்புகோல் இருக்கும், அதை மெல்ல அழுத்துங்கள். ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னால் இருந்து இழுத்து நேராக்கிவிடும். கிளம்புகிற அன்றே காலியான பார்க்கிங் இடத்தில் பார்க்காமலே அந்த நெம்புகோலுக்குக் கை போகிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் லாரியட்டில் கம்பெனி கன்ட்ரோலர் இருக்கிறதா என்று பாருங்கள், அது எல்லா வண்டியிலும் வருவதில்லை. இல்லையென்றால் வேகம் குறைவதற்கு ஏற்ப அழுத்தம் கொடுக்கிற ப்ரொபோர்ஷனல் வகை வாங்குங்கள், நேரக் கணக்கில் வேலை செய்கிற மலிவு வகை வேண்டாம்.

ஆட்டத்துக்குப் பெரிய காரணம் காற்றே இல்லை, ஏற்றுகிற விதம்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் பின் பம்பரில் நான்கு சைக்கிளைத் தொங்கவிட்டு, கழிவுத் தொட்டியையும் நிறைத்துக்கொண்டு கிளம்பினார். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. ட்ரக் மேல் எடை குறைந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்! ஒரு இறக்கத்தில் 60-ஐத் தொட்டதும் ட்ரெய்லர் இரண்டு லேனையும் அளந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேலோட்டைக் காப்பாற்ற டங் வெயிட்டைக் குறைக்கிற தந்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சும்மாஇழு

இந்தக் கடைசி விஷயத்தில் நான் முழுக்க உடன்படுகிறேன். கனமான சாமான் எல்லாம் ஆக்சிலுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 240 பவுண்டு தாண்டியதும் வண்டி இரண்டாக உடைந்துவிடாது. நெடுஞ்சாலையில் போகிற பாதி ட்ரெய்லர்கள் ஏதோ ஒரு வரம்பைத் தாண்டித்தான் ஓடுகின்றன. ஆக்சில் வரம்புக்குள் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

பனிமலை

உடைந்துவிடாதுதான். உடையும் என்று யாரும் சொல்லவில்லையே. பிரேக் சூடேறும், டயர் சூடேறும், அவசரத்தில் விலக வேண்டி வந்தால் கையிருப்பு இருக்காது. ஒரு நாள் ஓட்டத்தில் அது தெரியவும் தெரியாது. கையிருப்பே இல்லாத வண்டியில் பிள்ளைகளை உட்காரவைத்து லா வீட்டா இறங்கச் சொல்ல என்னால் முடியாது. உங்கள் கட்சி ஹூஸ்டனில் ஜெயிக்கட்டும்.

மைல்கல்

சண்டையை நிறுத்திவிட்டுப் பாதையைப் பார்ப்போம்.

பாலோ டூரோவில் முகாம்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன. பூங்காவுக்குள் இறங்குகிற சாலை 10 சதவீதச் சரிவு. நீளம் கொஞ்சம்தான், ஆனால் வளைவு உண்டு. மேலேயே கியரைக் குறைத்து, இழுப்பதற்கென்று உள்ள டோ-ஹால் மோடில் போட்டு இறங்குங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்காதீர்கள், அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள், மறுபடி அழுத்துங்கள்.

அமரில்லோவில் இருந்து டூமாஸ், டால்ஹார்ட், கிளேட்டன், ராட்டன். ட்ரெய்லரோடு காலனுக்கு 9 மைல் கிடைத்தால் பெரிய விஷயம், எதிர்காற்றில் 7 கூட வரும். 26 காலன் டேங்க் என்றால் 180 மைலுக்கு ஒரு தடவை நிரப்புகிறதாகத் திட்டமிடுங்கள். கிளேட்டனில் நிரப்பாமல் விடாதீர்கள், ராட்டன் வரை 80 மைலுக்கு மேல், நடுவில் ஊர்கள் சின்னவை. பெரிய ட்ரெய்லரோடு திரும்ப வசதியான பெட்ரோல் பங்க் கிடைக்கிற இடத்திலேயே நிரப்பிவிடுவது நல்லது.

ராட்டன் பாஸ் 7,834 அடி. வால்சன்பர்க்கில் இருந்து 160-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் லா வீட்டா 9,413 அடி. இங்கே உங்கள் டர்போ எஞ்சினுக்குச் சாதகம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் வலு இழக்கும் என்பது பொதுக்கணக்கு, லா வீட்டா உச்சியில் கால் பங்குக்கு மேல் போயிருக்கும். உங்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. ஏற்றத்தில் யாரோடும் போட்டி வேண்டாம், 45-இல் வலது லேனில் லாரிகளுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருங்கள்.

குளிர்காலத்துத் தோசை

ஆண்கள் எல்லாரும் ஆக்சிலைப் பற்றியே பேசுகிறீர்கள், பனிமலை அக்கா நீங்கலாக. ட்ரெய்லர் எடை கூடுவது சமையலறையில்தான். நம் வீட்டு ட்ரெய்லரில் முதல் தடவை நான் அடுக்கியதை இறக்கி எடை போட்டுப் பார்த்தேன்: டேபிள் டாப் கிரைண்டர், இரண்டு இரும்புத் தோசைக்கல், இரண்டு குக்கர், இட்லிப் பானை, 20 பவுண்டு அரிசி, பருப்பு டப்பாக்கள். 100 பவுண்டுக்கு மேல். கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மாவை அரைத்து டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் நான்கு நாளைக்கு வரும், முடிந்தால் உப்புமா. அப்புறம் தண்ணீர். 40 காலன் தொட்டி நிறைந்தால் 330 பவுண்டு. முகாமில் குழாய் இருக்கிறது என்றால் வழியில் கை கழுவ, கழிப்பறைக்கு மட்டும் ஐந்தாறு காலன் போதும். தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று வாங்குமுன் குனிந்து பாருங்கள், நிறைந்தால் டங் வெயிட் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும்.

பிளேனோவாசி

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை முன்பணம் கட்டவில்லை. "இதே ட்ரக்கில் எத்தனையோ பேர் வாங்கிப் போகிறார்கள்" என்றார் விற்பவர். என் ஸ்டிக்கர் படத்தைக் காட்டினேன், மேனேஜரைக் கூப்பிடுகிறேன் என்று உள்ளே போனார், நான் வெளியே வந்துவிட்டேன்.

வேறு இடத்தில் 23 அடி பார்த்திருக்கிறேன். ஜிவிடபிள்யூஆர் 5,500, பங்க் படுக்கை இரண்டு இருக்கிறது, நடுவில் மேசையை மடித்தால்தான் நடக்க இடம். கணக்கு நானே போட்டேன்: ஏற்றியபின் 5,300, அதில் 13 சதவீதம் 690. ஹிட்ச் 90, நாங்கள் 560. மொத்தம் 1,340. ஸ்டிக்கருக்கு இன்னும் 107 மிச்சம். சைக்கிள்கள் ட்ரெய்லருக்குள், ஆக்சிலுக்கு மேலே. 14 வயதுக்காரன் வளர்ந்துகொண்டே இருக்கிறான், அதற்குத்தான் அந்த 107.

கேட் ஸ்கேலில் எப்படி எடை போடுவது? லாரிகளுக்கு நடுவில் போய் நிற்கத் தயக்கமாக இருக்கிறது.

பனிமலை

இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது.

ஸ்கேல் பைலட், லவ்ஸ், டிஏ மாதிரி லாரி நிறுத்தங்களில் இருக்கும். தட்டு மூன்று துண்டாக இருக்கும். முன் சக்கரம் முதல் துண்டில், பின் சக்கரம் இரண்டாவதில், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். பக்கத்தில் கம்பத்தில் பொத்தான் இருக்கும். அது லாரி ஓட்டுநர் உயரத்துக்கு வைத்தது, உங்களுக்கு எட்டாது, இறங்கித்தான் அழுத்த வேண்டும். தனியார் வண்டி, முதல் எடை என்று சொல்லுங்கள். உள்ளே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆப்பிலும் வரும். பார் போட்டு ஒரு தடவை, பாரைக் கழற்றி ஒரு தடவை, ட்ரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு ட்ரக் மட்டும் ஒரு தடவை. 24 மணி நேரத்துக்குள் மறு எடை என்றால் கட்டணம் குறைவு. ஞாயிறு காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. லாரிக்காரர்கள் பெரும்பாலும் பொறுமைசாலிகள், வேலையை முடித்ததும் தட்டை விட்டு நகர்ந்துவிட்டால் போதும்.

சும்மாஇழு

இந்த இழையைப் படித்துவிட்டு என் மனைவி விடவில்லை. நானும் ஏற்றிப் பார்த்தேன். முன் 3,260, பின் 3,980, ட்ரக் மொத்தம் 7,240. ஜிவிடபிள்யூஆர் 7,100, ஆக 140 தாண்டுகிறது. பின் ஆக்சில் 4,100-க்குள் இருக்கிறது, என் கட்சி ஜெயித்தது. ஜெனரேட்டரை மட்டும் ட்ரக்கில் இருந்து ட்ரெய்லருக்குள் மாற்றிவிட்டேன். ட்ரெய்லரை விற்க மாட்டேன்.

ஸ்காபரோ

அண்ணா, ரெயிலர் ரயரின் வயதைப் பார்த்தீர்களா? சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம்.

சும்மாஇழு

2317 என்று இருக்கிறது. பட்டன் தேயவே இல்லையே, புதிது மாதிரி இருக்கிறது.

ஸ்காபரோ

2017-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். ரெயிலர் ரயர் தேய்ந்து போவதில்லை, வெயிலில் நின்றே காய்ந்து போகும். ஹூஸ்டன் வெயில் வேறு. அடுத்த பயணத்துக்கு முன் நான்கையும், ஸ்பேரையும் மாற்றிவிடுங்கள். லோட் ரேஞ்ச், அதாவது சுமை தாங்கும் தரம், இப்போது இருப்பதை விடக் குறையக் கூடாது. ரப்பர் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு போடச் சொல்லுங்கள், கடைக்காரர் கேட்காமல் போட மாட்டார்.